உணவில் எஞ்சும் நஞ்சு: சட்ட வரம்பு பிறக்கும் விதம்

1958-ஆம் ஆண்டில் கேரளத்தில், கப்பற் பயணத்தின்போது பாரத்தியான் என்னும் பூச்சிக்கொல்லி கசிந்து கலந்த கோதுமை மாவை உண்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்திற்கு அந்நிகழ்ச்சியே வழிகோலியது. ஆனால், தெளித்த மருந்து காய்கனிகளில் எஞ்சுவது வேறு வகை. அது உண்டவரை உடனே வீழ்த்துவதில்லை. எனவே அதற்கு வரம்பு வகுப்பதும் எளிதன்று.

எலி, நாய் முதலிய பிராணிகளுக்கு மருந்தை நெடுநாள் ஊட்டி, தீங்கு தோன்றாத மிக உயர்ந்த அளவை முதலில் காண்கின்றனர். அதைப் பொதுவாக நூறால் வகுக்கின்றனர். மனிதன் பிராணியைவிடப் பத்து மடங்கும், மனிதருள்ளும் சிலர் ஏனையோரைவிடப் பத்து மடங்கும் எளிதில் பாதிக்கப்படலாம் என்னும் எச்சரிக்கையே காரணம். பிராணிக்குத் தீங்கற்ற அளவு, நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 மில்லிகிராம் எனக் கொண்டால், 50 கிலோ எடையுள்ளவர் வாழ்நாள் முழுதும் நாள்தோறும் 0.5 மில்லிகிராம் வரை உட்கொள்ளலாம்.

சட்ட வரம்பு இவ்வெண்ணிலிருந்து நேராக எடுக்கப்படுவதன்று. பலரும் தவறாக எண்ணுவது இதையே. பரிந்துரைத்த அளவில் தெளித்து, குறித்த நாட்கள் காத்திருந்து அறுவடை செய்தால் விளைபொருளில் எவ்வளவு எஞ்சும் என்பதை வயற்சோதனைகளால் அறிந்து வரம்பை வகுக்கின்றனர். எல்லா உணவுகளாலும் சேரும் மொத்தம் மேற்சொன்ன அளவுக்குள் அடங்குகிறதா எனப் பின்னர் சரிபார்க்கின்றனர். ஆதலால், வரம்பைச் சிறிது மீறிய காயைத் தின்றவர் நஞ்சுண்டவர் ஆகிவிடார். தெளித்தவர் முறை தவறினார் என்பதற்கே அது பெரும்பாலும் சான்று.

முறை தவறாதிருப்பதும் எளிதோ? வெண்டைக்காயை ஒன்றுவிட்டொரு நாள் பறிக்கவேண்டும். தாமதித்தால் முற்றி நார் ஏறிவிடும், சந்தையில் விலைபோகாது. மருந்துக்குரிய காத்திருப்போ அதனினும் நீண்டதாயிருக்கலாம். அந்நிலையில் இடைப்பட்ட காய்களைப் பறித்து எறிய வேண்டும், அல்லது காத்திருப்புக் காலம் குறைந்த மருந்தை நாடவேண்டும். எறிய மனம் வராத விவசாயியைக் குறைகூறுவதில் பயனில்லை; தெளிக்கும் முன்பே அவருக்கு இதை உணர்த்துவது களப்பணியாளரின் வேலை.

2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையமே இன்று இவ்வரம்புகளை அறிவிக்கிறது. தனி வரம்பு குறிக்கப்படாத மருந்துக்குப் பொதுவாகக் கிலோவுக்கு 0.01 மில்லிகிராமே எல்லை. ஒரு பயிருக்கெனப் பரிந்துரைத்த மருந்தைப் பக்கத்து வயலின் வேறு பயிருக்கும் தெளித்துவிடும் வழக்கம் பெரும்பாலும் இவ்வெல்லையில்தான் முட்டிக்கொள்கிறது.