ஆண்டுக்கு ஒருமுறை வரும் வாடிக்கையாளர்

அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலப் பொருட்காட்சி 1859-இல் தொடங்கியது. இப்போது ஆகஸ்ட் இறுதியில் ஆரம்பித்து, அந்நாட்டுத் தொழிலாளர் தினமான செப்டம்பர் முதல் திங்கட்கிழமை வரை 12 நாட்கள் நடக்கிறது. 2019-இல் 21 லட்சம் பேருக்கு மேல் வந்தனர்.

அங்கு வரும் குடும்பங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. தாத்தா வாங்கிய கடையிலேயே பேரனுக்கும் வாங்கித் தருவார்கள். இறைச்சியைக் குச்சியில் செருகி, மாவில் தோய்த்துப் பொரிக்கும் 'பிரான்டோ பப்' 1947 முதல் அங்கு விற்பனையாகிறது. 1979-இல் வந்த 'ஸ்வீட் மார்த்தா' பிஸ்கட் கடையில் வாளி வழியக் குவித்துத் தருகிறார்கள். மீதியை வீட்டுக்குக் கொண்டுபோக மூடியும் உண்டு. நாம் போடும் கொசுறு மாதிரிதான்.

ஆண்டுக்கு ஒருநாள் வருபவர்தானே என்று அளவைக் குறைத்தால் அந்த வழக்கம் அன்றோடு அறுந்துவிடும்.

மாதச் சாமானைப் பெரிய கடைகளில் வாங்கினாலும், பொங்கல் வெல்லத்துக்கும் தீபாவளி எண்ணெய்க்கும் நம்மைத் தேடி வருவோர் இருக்கிறார்கள். பண்டிகைக் கூட்டத்திலும் அவர்கள் கேட்ட சரக்கையே, எடை குறையாமல் கொடுப்போம். ஒருவரை இழந்தால் ஒரு குடும்பத்தையே இழக்கிறோம்.