டிக்கெட் உண்டு, இடம் இல்லை!

பிராங்க்பர்ட் விமான நிலையம். மறுநாள் சென்னையில் தங்கையின் கல்யாணம். குறித்த நேரத்தில் டிக்கெட்டுடன் வந்து நின்ற நம் சிநேகிதரிடம், "விமானம் நிறைந்துவிட்டது" என்றார் சிப்பந்தி. இதென்ன விந்தை என்கிறீர்களா? சிலர் வராமற் போவார்கள் என்று கணக்கிட்டு, இருக்கும் இடத்தைவிட அதிகமாக டிக்கெட் விற்பது விமானக் கம்பெனிகளின் வழக்கம். அதன் பலன்தான் இது.

ஆனால் பிரயாணி திக்கற்றவர் அல்லர். ஐரோப்பிய யூனியன் 2004-ல் இயற்றிய 261-ஆம் எண் சட்டம், அங்கிருந்து கிளம்பும் எல்லாக் கம்பெனி விமானங்களுக்கும் பொருந்தும். முதலில், பிரதிபலன் பெற்று மனமுவந்து விலகுவோரைத் தேடவேண்டும். ஒருவரை அவர் சம்மதமின்றி நிறுத்தினால், டிக்கெட் பணத்தைத் திருப்பித் தரவேண்டும். அல்லது வேறு விமானத்தில் அனுப்பவேண்டும். எது என்பது பிரயாணியின் இஷ்டம். காத்திருக்கையில் ஆகாரமும், இரவு தங்க நேர்ந்தால் ஹோட்டல் அறையும் அளிக்கவேண்டும். நஷ்ட ஈடு வேறு: சென்னை போன்ற தொலைதூரப் பிரயாணத்திற்கு 600 யூரோ. மாற்று விமானம் 4 மணி நேரத் தாமதத்திற்குள் கொண்டு சேர்த்தால் அதைப் பாதியாகக் குறைக்கலாம்.

நம் சிநேகிதரோ, நீட்டிய வவுச்சரை வாங்கிக் கையெழுத்திட்டுவிட்டார். பிரயாணி கையெழுத்திட்டுச் சம்மதித்தாலன்றி, ரொக்கத்துக்குப் பதில் வவுச்சர் தருவதற்கில்லை என்பதை அவர் அறியார். தவறிய முகூர்த்தத்தை எந்தப் பணமும் மீட்டுத் தராதுதான். ஆயினும் உரிமைகளை விளக்கும் அறிவிப்பை எழுத்தில் கேட்டு வாங்குவோம். அதைத் தருவது கம்பெனியின் கடமை. படித்த பின்னரே கையெழுத்திடுவோம்.