அயன் மண்டலம்: அளவீடுகளும் மாதிரியுருக்களும் முரண்படும்போது

புவியின் மேல் வளிமண்டலத்தில் ஞாயிற்றின் புறவூதாக் கதிர்களும் எக்ஸ் கதிர்களும் வளித் துகள்களிலிருந்து இலத்திரன்களைப் பிரிப்பதால் அயன் மண்டலம் உருவாகின்றது. செய்மதி வழி இடங்காணலின் துல்லியம் அவ்விலத்திரன்களின் செறிவில் தங்கியுள்ளது. அச்செறிவைக் கணிக்கும் மாதிரியுருக்களை அளவீடுகளுடன் ஒப்பிடுவதில் எழும் சிக்கல்களை இக்கட்டுரை எடுத்துரைக்கின்றது.

முதற் சிக்கல், கருவிகள் ஒரே பொருளை அளப்பதில்லை என்பதாகும். தரையிலுள்ள அயனோசோண்டு, வானொலித் துடிப்புகளை மேலே செலுத்தி எதிரொலியைப் பதிவுசெய்கின்றது. செறிவு உச்சத்தைத் தாண்டிய அலை திரும்புவதில்லை. ஆகவே உச்சத்துக்கு மேலுள்ள பகுதி அதற்குப் புலப்படாது. ஜி.பி.எஸ். வாங்கியோ, ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்திலுள்ள செய்மதி வரையான பாதை முழுவதிலுமுள்ள இலத்திரன்களைக் கூட்டித் தருகின்றது. 'சர்வதேச உசாத்துணை அயன் மண்டலம்' எனும் மாதிரியுரு 2,000 கிலோமீற்றருடன் நின்றுவிடுகின்றது. எனவே இவற்றுக்கிடையிலான வேறுபாடு முழுவதையும் மாதிரியுருவின் பிழையெனக் கொள்ளலாகாது.

2006இல் ஏவப்பட்ட கொஸ்மிக் செய்மதிகள் ஆறும், புவி விளிம்பைத் தொட்டு வரும் ஜி.பி.எஸ். அலைகளிலிருந்து செறிவை உயரவாரியாகக் கணித்தன. எனினும் அக்கணிப்பு, செறிவு கிடைத்திசையில் மாறாது என்ற எடுகோளைச் சார்ந்தது. காந்த நடுக்கோட்டின் இருமருங்கிலும் செறிவு மேடுகள் எழும் தாழ் அகலக்கோடுகளில் அவ்வெடுகோள் பிழைபடுகின்றது. காந்த நடுக்கோட்டை அண்டியுள்ள தென்தமிழகமும் இலங்கையும் இவ்வலயத்தைச் சேர்ந்தவை.

இரண்டாவது சிக்கல் மாதிரியுருவினுடையது. மேற்படி மாதிரியுரு பல்லாண்டு அளவீடுகளின் சராசரியில் அமைந்தது. 2008, 2009 ஆம் ஆண்டுகளில் ஞாயிற்றின் செயற்பாடு வழமைக்கு மாறாகத் தணிந்தது. அப்போது சாம்ப், கிரேஸ் செய்மதிகள் நேரில் அளந்த செறிவைவிட, மாதிரியுருவின் 2007 ஆம் ஆண்டுப் பதிப்பு கணித்த செறிவு சராசரியாகப் பாதியளவு மிகையாயிருந்ததென லூர், சியோங் ஆகியோர் 2010இல் எடுத்துக்காட்டினர். ஞாயிற்றுப் புள்ளிகளின் எண்ணிக்கை, அயனாக்கும் கதிர்வீச்சின் வீழ்ச்சியை முழுமையாகப் பிரதிபலிக்கவில்லை.

இதன் விளைவு நடைமுறை சார்ந்தது. ஒரு சதுர மீற்றருக்கு 10,000,000,000,000,000 இலத்திரன்கள் மிகையாகக் கணிக்கப்படின், ஜி.பி.எஸ். முதன்மை அலையில் தூரக் கணிப்பு ஏறத்தாழ 16 சென்ரிமீற்றர் பிசகும். ஆகவே ஒப்பீட்டுக்கு முன்னர், எக்கருவி எவ்வுயரம் வரை, எவ்வெடுகோளுடன் அளந்தது என்பதை வரையறுத்தல் இன்றியமையாதது. தரை அளவீடும் செய்மதி அளவீடும் ஒன்றையொன்று திருத்தும் துணைகளாகும். ஒன்று மற்றதற்கு ஈடாகாது.