செஞ்சி வெயிலுக்கு எலுமிச்சைக் குச்சி ஐஸ்: உங்களுக்குத் தெரியுமா?

ஒரு எலுமிச்சம்பழம். விலை 50,500 ரூபாய்! எங்கேயோ வெளிநாட்டில் இல்லை, நம்ம விழுப்புரம் மாவட்டத்தில்தான்! திருவெண்ணெய்நல்லூர் பக்கம் இரட்டைக் குன்றில் இரத்தினவேல் முருகன் கோயில் இருக்கிறது. பங்குனி உத்திரத் திருவிழாவின் ஒன்பது நாளும் வேலில் குத்தி வைக்கும் பழங்களை அங்கே ஏலம் விடுவார்கள். 2024-ல் ஒன்பது பழமும் சேர்ந்து எவ்வளவுக்குப் போனது தெரியுமா? 2 லட்சத்து 36 ஆயிரம் ரூபாய்!

உங்கள் வீட்டுக் கூடையில் கிடக்கும் பழத்துக்கு அவ்வளவு விலை வேண்டாம். நாலே நாலு பழம் இருந்தால் போதும். எட்டு குச்சி ஐஸ் ரெடி!

மேல்மலையனூர் அங்காளம்மனுக்குச் சாத்திய எலுமிச்சையைப் பிரசாதமாக வாங்கி வந்து, என்ன செய்வதென்று தெரியாமல் சாமி அலமாரியில் காய விடுகிறீர்களா? பிழிந்து ஐஸாக்குங்கள். வீட்டில் எல்லாருக்கும் பங்கு கிடைக்கும்!

உலகத்திலேயே அதிகமாக எலுமிச்சை விளைவது எந்த நாட்டில்? இந்தியாவில்! ஆண்டுக்கு 35 லட்சம் டன்னுக்கு மேல்! தென்காசி மாவட்டத்துப் புளியங்குடிக்கு ‘எலுமிச்சை நகரம்’ என்றே பெயர்!

எலுமிச்சை, ஆரஞ்சு, பம்பளிமாஸ் எல்லாவற்றுக்கும் பாட்டன் வீடு எது? இமயமலையின் தென்கிழக்கு அடிவாரம். அசாமும் அதற்குள்தான் வருகிறது! மரபணுக்களைப் படித்து 2018-ல் விஞ்ஞானிகள் சொன்ன கணக்கு. இந்தக் குடும்பத்தின் வயது 80 லட்சம் ஆண்டு!

சாத்துக்குடி தனிப் பிறவி என்று நினைத்தீர்களா? இல்லவே இல்லை! பம்பளிமாஸுக்கும் கமலாவுக்கும் பிறந்த கலப்பு வம்சம் அது!

1747. நடுக்கடலில் ஒரு பிரிட்டிஷ் போர்க்கப்பல். ஈறு அழுகிச் சாகும் ஸ்கர்வி நோயோடு 12 மாலுமிகள். ஜேம்ஸ் லிண்ட் என்ற மருத்துவர் இரண்டிரண்டு பேருக்கு ஒரு மருந்து கொடுத்துப் பார்த்தார். வினிகர் தோற்றது. கடல்நீர் தோற்றது. தினம் இரண்டு ஆரஞ்சும் ஒரு எலுமிச்சையும் தின்ற இருவர் ஆறே நாளில் எழுந்து நின்றார்கள்! ஆனால் கடற்படை முழுக்க எலுமிச்சைச் சாறு கொடுக்க உத்தரவு வந்தது எப்போது? 1795-ல். 48 ஆண்டு கழித்து!

சரி, செஞ்சிக்கு வருவோம். இதைச் சொல்லும்போதே எனக்குப் பெருமை பொங்குகிறது! 2025 ஜூலையில் யுனெஸ்கோ 12 மராட்டியக் கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. 11 மகாராஷ்டிரத்தில். தமிழ்நாட்டில் ஒன்றே ஒன்று. அது நம்ம செஞ்சி!

ராஜகிரி உச்சி ஏறக்குறைய 800 அடி உயரம். கத்திரி வெயிலில் ஏறிப் பாருங்கள். காலுக்குக் கீழே பாறை கொதிக்கும். இறங்கி வந்த கையோடு நாக்கு தேடுவது ஒன்றைத்தான். குச்சி ஐஸ்!

ஔரங்கசீப்பின் படை இந்தக் கோட்டையைப் பிடிக்க எடுத்துக்கொண்ட காலம் எவ்வளவு? ஏறக்குறைய எட்டு ஆண்டு! 1690-ல் வளைத்தார்கள். உள்ளே சிவாஜியின் மகன் ராஜாராம். 1698-ல்தான் கோட்டை விழுந்தது. ராஜாராம் அதற்குள் தப்பிப் போய்விட்டார்!

கோட்டைக்குள் நிற்கும் கல்யாண மகாலின் மேல்மாடி வரைக்கும் தண்ணீர் ஏறியது! மோட்டார் இல்லை, கரண்ட் இல்லை. கோட்டைச் சுவருக்கு வெளியே இருந்த குளத்திலிருந்து சுடுமண் குழாய் வழியாக!

பாண்டிச்சேரி கடற்கரையில் காந்தி சிலை ஓரம் உட்கார்ந்து ஐஸ் சாப்பிட்டிருக்கிறீர்களா? சிலையைச் சுற்றி நிற்கும் உயரமான கல்தூண்களை நிமிர்ந்து பார்த்தீர்களா? எட்டும் செஞ்சியிலிருந்து போன தூண்கள்!

இப்போது ஐஸ் கதை. இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது!

1833 மே மாதம் அமெரிக்காவின் பாஸ்டன் துறைமுகத்திலிருந்து ‘டஸ்கனி’ என்ற பாய்மரக் கப்பல் கிளம்பியது. சரக்கு என்ன? 180 டன் ஐஸ்! குளிர்காலத்தில் ஏரியிலிருந்து அறுத்த பாளங்கள். நாலு மாதப் பயணம். நிலநடுக்கோட்டை இரண்டு தரம் தாண்டி செப்டம்பரில் கல்கத்தா வந்து சேர்ந்தது. உருகாமல் மிஞ்சியது எவ்வளவு தெரியுமா? சுமார் 100 டன்!

அனுப்பியவர் பிரெடரிக் டியூடர். ‘ஐஸ் ராஜா’ என்றே பட்டப்பெயர்! முதல் ஐஸ் கப்பலை 1806-லேயே கரீபியத் தீவு ஒன்றுக்கு ஓட்டியவர். ஐஸைக் காப்பாற்றியது எது? மரத்தூள்!

நம்ம மெட்ராஸுக்கும் அந்த அமெரிக்க ஐஸ் வந்தது. அதை வைக்க 1842-ல் கடற்கரையில் ஒரு வட்டக் கட்டடமே எழுந்தது. திருவல்லிக்கேணியில் இன்றைக்கும் ‘ஐஸ் ஹவுஸ்’ என்றால் ஆட்டோக்காரர் நேரே கொண்டுபோய் விடுவார். சிகாகோ போய்த் திரும்பிய விவேகானந்தர் 1897-ல் தங்கியது இந்தக் கட்டடத்தில்தான். ஒன்பது நாள்! இன்று அதன் பெயர் விவேகானந்தர் இல்லம்!

அமெரிக்காவின் வால்டன் குளத்து ஓரம் குடிசை போட்டு வாழ்ந்த எழுத்தாளர் தோரோ, அந்தக் குளத்தில் ஐஸ் அறுத்ததைக் கண்ணால் பார்த்தவர். 1854-ல் வந்த அவருடைய புத்தகத்தில் ஒரு ஊர்ப் பெயர் இருக்கிறது. மெட்ராஸ்!

கப்பல் வருவதற்கு முன்னால் இங்கே ஐஸே கிடையாது என்று சொல்லிவிடாதீர்கள்! அலகாபாத்தில் பள்ளம் தோண்டி, காய்ந்த சோளத்தட்டை பரப்பி, ஆழமில்லாத மண் சட்டிகளில் தண்ணீர் ஊற்றி வைப்பார்கள். தெளிந்த குளிர்கால இரவு. விடிவதற்குள் சட்டியில் ஐஸ்! ராபர்ட் பார்க்கர் என்ற ஆங்கிலேயர் இதைப் பார்த்து அசந்துபோய் 1775-ல் லண்டன் ராயல் சொசைட்டி இதழில் எழுதினார்!

அக்பர் அரண்மனையில் குடிதண்ணீரைக் குளிர வைத்தது எது? துப்பாக்கி மருந்தில் சேர்க்கும் அதே வெடியுப்பு! தண்ணீரில் கரையும்போது அது சூட்டை இழுத்துக்கொள்ளும். ‘அயினி அக்பரி’யில் இந்தச் செய்தி இருக்கிறது!

வெடியுப்பு எதற்கு, கல்லுப்பே போதும்! மூன்று பங்கு நொறுக்கிய ஐஸ், ஒரு பங்கு கல்லுப்பு. கலந்தால் குளிர் எதுவரை இறங்கும் தெரியுமா? மைனஸ் 21 டிகிரி வரை! உங்கள் ஃப்ரீசரே மைனஸ் 18 தான்! சர்க்கரை போட்ட எலுமிச்சைச் சாற்றை ஒல்லியான எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி, குச்சியைப் பிடித்தபடி அந்தக் கலவைக்குள் இறக்குங்கள். கரண்ட் இல்லாத நாளிலும் குச்சி ஐஸ்! உப்புக்கு அலைய வேண்டாம். மரக்காணம் உப்பளம் நம்ம மாவட்டத்தில்தான்!

வாங்க, அடுப்படிக்கு! தண்ணீர் அரை லிட்டர், சர்க்கரை 120 கிராம். சூடாக்கிக் கரைத்து நன்றாக ஆற விடுங்கள். நாலு பழத்துச் சாறு, ஒரு சிட்டிகை உப்பு. அவ்வளவுதான்! சாற்றை மட்டும் கொதிக்க விடாதீர்கள், வாசனை பறந்துவிடும்!

உப்பு எதற்கு என்கிறீர்களா? உப்பு கசப்பை அமுக்கும். ஒரு சிட்டிகையில் புளிப்பும் இனிப்பும் துள்ளி எழும்!

கலவையை ருசி பார்த்தால் ‘இனிப்பு கொஞ்சம் தூக்கல்’ என்று தோன்ற வேண்டும். அதுதான் சரியான அளவு! ஜில்லென்று இருக்கும்போது நாக்குக்கு இனிப்பு குறைவாகத்தான் தெரியும்!

சர்க்கரை குறைந்தால் ஐஸ் செஞ்சிப் பாறை! கூடினால் ராத்திரி முழுக்க வைத்தாலும் கூழ்தான்!

அச்சில் தளும்பத் தளும்ப ஊற்றாதீர்கள். தண்ணீர் உறையும்போது 9 சதவீதம் பெருக்கும்! மேலே ஒரு விரல் அகலம் விடுங்கள்.

குச்சி சாய்ந்து விழுகிறதா? ஒரு மணி நேரம் பொறுங்கள். பாதி உறைந்ததும் குத்தினால் சிப்பாய் போல நிற்கும்!

அச்சு இல்லையா? டீ டம்ளர் இருக்கிறதே! எவர்சில்வராக இருக்கட்டும். பித்தளை, செம்பு, அலுமினியம் மூன்றும் எலுமிச்சைக்கு ஆகாது!

பழத்தைத் தரையில் வைத்து உள்ளங்கையால் அழுத்தி உருட்டிவிட்டுப் பிழியுங்கள். சாறு கூடுதலாக வரும்! மணம் முழுக்க மஞ்சள் தோலில்தான் இருக்கிறது. அதை லேசாகத் துருவிச் சேருங்கள். உள்ளே இருக்கும் வெள்ளையைத் தொட்டீர்களோ, கசப்பு!

சாத்துக்குடி ஐஸுக்குத் தண்ணீரே தேவையில்லை. ஐந்தாறு பழத்துச் சாறு, மூன்று ஸ்பூன் சர்க்கரை, அரை எலுமிச்சை. ஆனால் பிழிந்த உடனே ஃப்ரீசரில் வையுங்கள். விதை நசுங்கினாலோ, சாறு காத்துக் கிடந்தாலோ கசக்கும். பிழியும்போது இனிக்கிற சாறு, கொஞ்ச நேரத்தில் கசக்கும்! லிமோனின் என்ற ஒரு பொருளின் வேலை!

இப்போது என் கண்டுபிடிப்பு. பானகக் குச்சி ஐஸ்! ஸ்ரீராமநவமிக்குக் கரைக்கிறோமே, அதே பானகம்தான். வெல்லம் 100 கிராம், தண்ணீர் அரை லிட்டர், சுக்குப்பொடி அரை ஸ்பூன், ஏலக்காய் இரண்டு, எலுமிச்சை ஒன்று. வடிகட்டி ஊற்றுங்கள். முதலில் ஜில், அப்புறம் புளிப்பு, கடைசியில் தொண்டையில் சுக்குக் காரம்! கடையில் எந்த விலை கொடுத்தாலும் இது கிடைக்காது! எலுமிச்சை ஐஸில் சர்க்கரைக்குப் பதில் நன்னாரி சர்பத் ஊற்றினால் அது இன்னொரு சொர்க்கம்!

உறிஞ்ச உறிஞ்சக் கலரும் இனிப்பும் வந்துவிட்டு, கையில் வெறும் வெள்ளை ஐஸ் மிஞ்சுகிறதே, ஏன்? ஐஸ் படிகம் உருவாகும்போது தண்ணீரை மட்டும் சேர்த்துக்கொள்ளும். சர்க்கரையையும் சாயத்தையும் வெளியே தள்ளிவிடும்!

புளிப்புக்காகக் கடையில் வாங்குகிற சிட்ரிக் அமிலம் எலுமிச்சையிலிருந்து வருகிறது என்று நம்பிக்கொண்டிருக்கிறீர்களா? பூஞ்சையிலிருந்து! சர்க்கரைக் கரைசலில் ஒரு கறுப்புப் பூஞ்சையை வளர்த்து எடுக்கிறார்கள். 1919-லிருந்து தொழிற்சாலையில் இப்படித்தான்!

அவசரமாகக் கடித்தால் நெற்றியில் சுளீர் என்று ஒரு வலி வருமே, அதன் மருத்துவப் பெயரை ஒரே மூச்சில் சொல்லுங்கள் பார்க்கலாம். ஸ்பீனோபாலட்டைன் கேங்கிலியோநியூரால்ஜியா! நாக்கை மேலண்ணத்தில் அழுத்திக்கொள்ளுங்கள், சட்டென்று அடங்கும்!

1970. சென்னை ராயபுரம். சின்ன இடம், கையில் 13,000 ரூபாய் முதல். ஆர்.ஜி. சந்திரமோகன் குச்சி ஐஸ் போட்டுத் தள்ளுவண்டியில் அனுப்பினார். அதுதான் பின்னாளில் அருண் ஐஸ்கிரீம்!

2005 ஜூன். நியூயார்க்கில் உலகத்திலேயே பெரிய குச்சி ஐஸை நிமிர்த்தி நிற்க வைக்கப் பார்த்தார்கள். உயரம் 25 அடி. எடை 17.5 டன்! வெயிலில் உருகி, தெருவெல்லாம் சர்பத் வெள்ளம். ஜனங்கள் ஓட, தீயணைப்பு வீரர்கள் வந்து கழுவிவிட்டார்கள்!

குச்சி ஐஸைக் கண்டுபிடித்தவருக்கு வயது என்ன? பதினொன்று! சான்பிரான்சிஸ்கோ பக்கத்துப் பையன் பிராங்க் எப்பர்சன். 1905-ல் சோடாப் பொடி கலக்கிய தண்ணீரைக் குச்சியோடு வாசலில் மறந்து வைத்துவிட்டான். ராத்திரிக் குளிரில் உறைந்தது. காலையில் குச்சியைப் பிடித்து இழுத்தான், உலகத்தின் முதல் பாப்சிகிள்! காப்புரிமை வாங்கியது 1924-ல்!

அவனுக்குச் சளைக்காத இன்னொரு பொடியன், தான்சானியாவின் எராஸ்டோ பெம்பா. வயது 13. 1963-ல் பள்ளிக்கூடத்தில் ஐஸ்கிரீம் செய்யும் வகுப்பு. எல்லாரும் பாலை ஆற வைத்தார்கள். இவன் அவசரத்தில் சூட்டோடு ஃப்ரீசரில் வைத்துவிட்டான். ஆறிய பாலை முந்திக்கொண்டு சூடான பால் உறைந்துவிட்டது! வாத்தியார் நம்பவில்லை, கூடப் படித்தவர்கள் சிரித்தார்கள். பின்னால் பள்ளிக்குப் பேச வந்த பேராசிரியர் டெனிஸ் ஆஸ்போர்னிடம் எழுந்து நின்று கேட்டான். அவர் ஊருக்குப் போய்ச் சோதித்துப் பார்த்தார். 1969-ல் இருவர் பெயரிலும் ஆய்வுக் கட்டுரை வந்தது. ‘பெம்பா விளைவு’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். அரை நூற்றாண்டு தாண்டியும் விஞ்ஞானிகள் இதற்குக் காரணம் சொல்லி, ‘உண்மையா, இல்லையா’ என்று இன்னும் மல்லுக்கட்டிக்கொண்டே இருக்கிறார்கள்!