டர்போ மாற்றம்: காசு போடும் முன் கணக்குப் போடுவோம்



தொழில்நுட்பம் சார்ந்த விளக்கக் கட்டுரைக்கு மாதிரியாக இம்முறை ஒரு கார் செய்தி. கோல சிலாங்கூர், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா பக்கத்துப் பள்ளிகளில் படிவம் 5 வகுப்பில் கார் பேச்சை எடுத்துப் பாருங்கள். அதுவரை மேசையில் தலை வைத்திருந்த பின் வரிசை நிமிர்ந்து உட்காரும். பள்ளி முடிந்து இரண்டு மூன்று ஆண்டுகளில் அவர்களில் சிலர் ஒரு பழைய கஞ்சிலோ மைவியோ வாங்குவார்கள். அடுத்த ஆசை டர்போ. "டர்போ போட்டா வண்டி பறக்கும்" என்று யாரோ சொன்னது காதில் இருக்கும். கையில் இருப்பது சேமித்த சம்பளக் காசு.

அது பறக்குமா, பாதி வழியில் புகை கக்கி நிற்குமா என்பதைத் தீர்மானிப்பது திட்டம். அந்தத் திட்டத்துக்குத் தேவையான பெரும்பாலான அறிவு படிவம் 4 இயற்பியலில், வளிம விதிகளில் இருக்கிறது. இக்கட்டுரை அதைப் படிப்படியாக விளக்குகிறது.

டர்போ என்ன செய்கிறது?

சாதாரண இயந்திரத்தில் பிஸ்டன் கீழே இறங்கும்போது உருளைக்குள் அழுத்தம் குறைகிறது. வெளிக்காற்று தன் அழுத்தத்தால் உள்ளே நுழைகிறது. இதை இயல்மூச்சு இயந்திரம் எனலாம். உள்ளே போகும் காற்றின் அளவுக்குத் தக்கபடிதான் பெட்ரோலை எரிக்க முடியும். அதனால், திறன் கூட வேண்டுமானால் காற்று கூட வேண்டும்.

இயந்திரம் வெளியேற்றும் சூடான வாயுவில் நிறைய ஆற்றல் வீணாகிறது. டர்போவின் ஒரு பக்கத்தில் இருக்கும் சுழலியை அந்த வாயு சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் அமுக்கி வெளிக்காற்றை அழுத்தி உருளைக்குள் தள்ளுகிறது. தண்டு நிமிடத்துக்கு 1,00,000 சுற்றுகளையும் தாண்டும். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூகி இந்த எண்ணத்துக்கு 1905-இல் காப்புரிமை பெற்றார்.

பயணிகள் காருக்கு டர்போ வந்தது 1962-இல், அமெரிக்காவில். ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர் அவற்றுள் ஒன்று. அதன் அமுக்க விகிதம் 10.25:1. அவ்வளவு உயர்ந்த விகிதத்தோடு டர்போவும் சேர்ந்ததால் எரிபொருள் நேரம் தவறி வெடிக்கும் ஆபத்து இருந்தது. அதைத் தடுக்க நீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைத் தனித் தொட்டியில் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. பலர் ஊற்ற மறந்தார்கள். அந்தக் கார் இரண்டே ஆண்டுகளில் சந்தையை விட்டுப் போனது. இன்று நம் ஊர்ப் பட்டறையில் டர்போ போடுகிறவரும் இதே சிக்கலைத்தான் சந்திக்கிறார்.

நம் நாட்டுச் சான்று: புரோட்டோன்

ஒரு தொழிற்சாலை இந்த மாற்றத்தை எப்படித் திட்டமிட்டது என்று பார்ப்போம். புரோட்டோனின் 1.6 லிட்டர் காம்புரோ ஓர் இயல்மூச்சு இயந்திரம். அதை அடிப்படையாக வைத்து உருவான டர்போ இயந்திரம் 2011 இறுதியில் எக்சோரா போல்டிலும் 2012-இல் பிரிவேயிலும் வந்தது. இரண்டையும் ஒப்பிடுங்கள்.

- உருளை விட்டம்: இரண்டிலும் 76 மில்லிமீட்டர்
- பிஸ்டன் நகரும் தூரம்: பழையதில் 88, டர்போவில் 86 மில்லிமீட்டர்
- கொள்ளளவு: பழையதில் 1,597, டர்போவில் 1,561 கன சென்டிமீட்டர்
- அமுக்க விகிதம்: பழையதில் 10:1, டர்போவில் 8.9:1
- உச்சத் திறன்: பழையதில் 6,000 சுற்றில் 110 குதிரைத்திறன், டர்போவில் 5,000 சுற்றில் 138
- உச்ச முறுக்குவிசை: பழையதில் 4,000 சுற்றில் 148 நியூட்டன் மீட்டர், டர்போவில் 2,000 முதல் 4,000 சுற்று வரை 205

இந்தப் பட்டியலில் கவனிக்க வேண்டியவை இரண்டு.

முதலாவது, புரோட்டோன் டர்போவைக் கொண்டுவந்து பழைய இயந்திரத்தில் அப்படியே மாட்டவில்லை. பிஸ்டன் நகரும் தூரத்தையும் அமுக்க விகிதத்தையும் குறைத்தது. கணக்குப் போட்டால், பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது மிஞ்சும் இடம் பழைய இயந்திரத்தில் உருளைக்குச் சுமார் 44.4 கன சென்டிமீட்டர், டர்போவில் சுமார் 49.4. வித்தியாசம் ஒரு தேக்கரண்டி அளவுதான். ஆனால், இயந்திரத்தின் ஆயுள் அந்த ஒரு தேக்கரண்டி இடத்தைப் பொறுத்திருக்கிறது.

இரண்டாவது, உச்சத் திறன் கூடியது சுமார் 25 விழுக்காடு. முறுக்குவிசையோ 38 விழுக்காட்டுக்கு மேல் கூடியது. அதுவும் 2,000 சுற்றிலேயே முழுதாகக் கிடைக்கிறது. ஆறு பேரை ஏற்றிக்கொண்டு மேடு ஏறும் எக்சோராவுக்குத் தேவை அதுதான். 'எவ்வளவு குதிரைத்திறன்?' என்று கேட்பதற்கு முன் 'எந்தச் சுற்றில், எந்த வேலைக்கு?' என்று கேட்பதே திட்டத்தின் முதல் படி.

காகிதத்தில் போட வேண்டிய கணக்கு

1.6 லிட்டர் இயல்மூச்சு இயந்திரம் ஒன்றுக்கு 0.5 பார் கூடுதல் அழுத்தம் கொடுக்க நினைக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம்.

அழுத்த விகிதம்: வளிமண்டல அழுத்தம் ஏறக்குறைய 1 பார். அதோடு 0.5 சேர்த்தால் 1.5 பார். எனவே விகிதம் 1.5.

"அப்படின்னா காற்று ஒன்றரை மடங்கு போகும், திறனும் ஒன்றரை மடங்கு!" என்று துள்ள வேண்டாம். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்ப் சுடுவதைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். காற்றை அழுத்தினால் அது சூடாகும், சூடானால் அடர்த்தி குறையும். இயந்திர அறைக்குள் நுழையும் நம் ஊர்க் காற்றின் வெப்பநிலையை 32 பாகை செல்சியஸ், அதாவது 305 கெல்வின் என்று எடுத்துக்கொள்வோம். அமுக்கியின் செயல்திறன் 70 விழுக்காடு என்றால், 1.5 விகிதத்தில் அழுத்தப்பட்ட காற்று சுமார் 86 பாகைக்கு, அதாவது 359 கெல்வினுக்கு ஏறிவிடும்.

அடர்த்தி மடங்கு = 1.5 × 305 ÷ 359 = ஏறக்குறைய 1.27

பாதி ஆதாயம் வெப்பத்தில் போய்விட்டது. இப்போது இடையில் ஒரு குளிர்விப்பானை, அதாவது இண்டர்கூலரை வைத்து 45 பாகைக்கு, அதாவது 318 கெல்வினுக்கு இறக்குகிறோம்.

அடர்த்தி மடங்கு = 1.5 × 305 ÷ 318 = ஏறக்குறைய 1.44

இண்டர்கூலர் அழகுக்கு மாட்டும் பொருள் இல்லை என்று இப்போது புரிந்திருக்கும். நம் வெயிலில் அது கட்டாயம். அதற்கு முன்பக்கக் காற்று நேராகப் படவும் வேண்டும்.

எரிபொருள்: நிமிடத்துக்கு 6,000 சுற்றில் நான்கு வீச்சு இயந்திரம் 3,000 முறை காற்றை இழுக்கிறது. உருளை 85 விழுக்காடு நிரம்புவதாகக் கொண்டால் நிமிடத்துக்குச் சுமார் 4.7 கிலோ காற்று. டர்போவோடு அது 6.8 கிலோ. முழு அழுத்தத்தில் 12 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் என்று கொண்டால், நிமிடத்துக்கு 0.57 கிலோ பெட்ரோல் வேண்டும். அதாவது உருளைக்குச் சுமார் 190 மில்லிலிட்டர். எரிபொருள் தெளிப்பானை அதன் எல்லையில் 80 விழுக்காட்டுக்குள் வேலை வாங்குவது நல்லது. ஆகவே, ஒவ்வொரு தெளிப்பானும் நிமிடத்துக்கு 240 மில்லிலிட்டருக்குக் குறையாமல் தர வேண்டும். பழைய தெளிப்பான் இதற்குப் போதாது என்றால் காற்று கூடும், பெட்ரோல் கூடாது. அந்தக் கலவை அளவுக்கு மீறிச் சூடாகி பிஸ்டனையே உருக்கிவிடும்.

நாக்கிங் என்னும் எதிரி

பொறியின் சுடர் வந்து சேரும் முன்பே எஞ்சிய கலவை தானாக வெடிப்பதை நாக்கிங் என்கிறோம். உயர்ந்த அழுத்தம், உயர்ந்த வெப்பம் இரண்டும் அதை வரவழைக்கும். ரோன் 95, ரோன் 97 என்று பெட்ரோல் நிலையத்தில் பார்க்கும் எண், அந்தப் பெட்ரோல் நாக்கிங்கை எவ்வளவு தாங்கும் என்பதைக் காட்டுவது. எண் கூடினால் தாங்கும் தன்மை கூடும். எண் கூடியதால் மட்டும் சாதாரண வண்டி வேகமாக ஓடாது.

10:1 விகிதமுள்ள இயந்திரத்தில் அமுக்க விகிதத்தைக் குறைக்காமல் டர்போ போட விரும்புகிறவருக்கு மூன்று காப்புகள் உண்டு: அழுத்தத்தைக் குறைவாக வைப்பது, நல்ல இண்டர்கூலர், பொறி தட்டும் நேரத்தைத் தாமதப்படுத்தி கணினியைச் சீரமைப்பது. மூன்றும் சேர்ந்தே வேலை செய்யும். டர்போவுக்கு எல்லாக் காசையும் போட்டுவிட்டு, "சீரமைப்பை அடுத்த மாசம் பார்த்துக்கலாம்" என்பவரின் இயந்திரம் அந்த அடுத்த மாதத்தைப் பார்க்காமலே போகலாம்.

வேலை வரிசை

1. இயந்திரத்தின் உடல்நிலை. ஒவ்வோர் உருளையிலும் அமுக்க அழுத்தத்தைச் சோதிக்க வேண்டும். ஒன்றுக்கொன்று அதிக வேறுபாடு இருந்தால் முதலில் பழுது பார்ப்பது, பிறகுதான் டர்போ. எண்ணெய் குடிக்கும் இயந்திரத்துக்கு டர்போ போடுவது காய்ச்சல்காரரை ஓட்டப் பந்தயத்துக்கு அனுப்புவது போல.

2. டர்போவின் அளவு. பெரிய டர்போ என்றால் நல்ல டர்போ என்று பொருளில்லை. பெரிய சுழலியைச் சுழற்ற அதிக வாயு வேண்டும். அதனால் அழுத்தம் தாமதமாக வரும். அன்றாடம் ஓட்டும் வண்டிக்குச் சிறியதே பொருத்தம்.

3. எண்ணெய். டர்போவின் தண்டு எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதந்து சுழல்கிறது. எண்ணெய் திரும்பும் குழாய் கீழ்நோக்கிச் சரிவாக இருக்க வேண்டும். எண்ணெய் மாற்றும் இடைவெளியையும் குறைக்க வேண்டும்.

4. காற்று வடிகட்டி. செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதையில் நாள்தோறும் ஓடும் வண்டிக்கு இது மிக முக்கியம். அந்த வேகத்தில் சுழலும் அமுக்கி இதழில் மண் துகள் பட்டால் இதழ் அரிக்கும். 'சத்தம் நல்லா இருக்கும்' என்று வடிகட்டியைக் கழற்றுவது தற்கொலை.

5. அழுத்தக் கட்டுப்பாடு. குறித்த அழுத்தம் வந்ததும் மிகுதி வாயுவைச் சுழலிக்கு அனுப்பாமல் திருப்பிவிடும் கதவு சரியாக வேலை செய்ய வேண்டும்.

6. குளிர்ச்சி, பிரேக், கிளட்ச். திறன் கூடினால் இம்மூன்றின் சுமையும் கூடும். நிற்க முடியாத வண்டிக்கு வேகம் எதற்கு?

7. அளவிட்டுச் சீரமைத்தல். காற்று எரிபொருள் விகிதத்தைக் காட்டும் உணரியோடு, சுமை ஏற்றும் சோதனை மேடையில் செய்வது. சாலையில் ஓட்டி, காதால் கேட்டுச் செய்வது அல்ல.

இன்னொரு வழி

சில நேரம் டர்போ சேர்ப்பதைவிட, டர்போவுக்கென்றே கட்டிய இயந்திரத்தை மாற்றுவது சிக்கனம். முதல் தலைமுறை மைவி 1.3-இல் இருப்பது டைஹட்சுவின் இயல்மூச்சு இயந்திரம். அதே குடும்பத்தில் பிறந்த 1.3 லிட்டர் டர்போ இயந்திரம் ஜப்பானில் டைஹட்சு ஒய்ஆர்வி காரில் 140 குதிரைத்திறனோடு விற்பனையானது. ஜப்பானிலிருந்து வரும் ஹாஃப்கட் வண்டிகளிலிருந்து இதைக் கழற்றி மைவியில் பொருத்துகிறவர்கள் நம் நாட்டில் உண்டு. பிஸ்டன், தெளிப்பான், கணினி எல்லாம் டர்போவுக்கு ஏற்ப அமைந்தே வருவது இதன் நன்மை. முன்பு எப்படி ஓடியது என்று தெரியாத பழைய இயந்திரம் என்பது இதன் குறை. ஆகவே மேலே சொன்ன முதல் படி இதற்கும் பொருந்தும்.

சட்டமும் சாலையும்

வண்டியின் கெரானில் இயந்திர எண்ணும் கொள்ளளவும் பதிவாகியிருக்கும். இயந்திரத்தை மாற்ற விரும்பினால் முதலில் ஜேபிஜே அனுமதி, பிறகு புஸ்பாகோம் போன்ற அங்கீகாரம் பெற்ற மையத்தில் பரிசோதனை. டர்போ சேர்ப்பவரும் வேலை தொடங்கும் முன்பே ஜேபிஜேயில் கேட்டுத் தெளிவு பெற வேண்டும். காப்புறுதி நிறுவனத்திடமும் தெரிவிக்க வேண்டும். சொல்லாமல் மாற்றிய வண்டி விபத்தில் சிக்கினால் இழப்பீடு மறுக்கப்படலாம். அப்போது அடிபட்டவரின் குடும்பம், நம் குடும்பம் இரண்டும் தெருவில் நிற்கும்.

அசாம் ஜாவாவிலிருந்து ஈஜோக் வழியாகச் சுங்கை பூலோ போகும் சாலையை நினைத்துப் பாருங்கள். செம்பனைப் பழ லாரி, பள்ளிப் பேருந்து, விடியலில் வேலைக்குப் போகும் மோட்டார் சைக்கிள் எல்லாம் அதில்தான். கூடிய முறுக்குவிசை லாரியைப் பாதுகாப்பாக முந்த உதவலாம். அதே விசை ஒரு தவறான நொடியில் ஆளையும் கொல்லும்.

கலைச்சொற்கள்

இயல்மூச்சு இயந்திரம் – வளிமண்டல அழுத்தத்தால் மட்டும் காற்றைப் பெறும் இயந்திரம்
சுழலி – வெளியேறும் வாயுவால் சுழலும் சக்கரம்
அமுக்கி – காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் சக்கரம்
அமுக்க விகிதம் – பிஸ்டன் அடியில் இருக்கும்போதுள்ள கொள்ளளவை, உச்சியில் இருக்கும்போதுள்ள கொள்ளளவால் வகுத்தால் கிடைப்பது
முறுக்குவிசை – தண்டைத் திருப்பும் விசையின் அளவு

பயிற்சி

1. கூடுதல் அழுத்தம் 0.4 பார். வெளிக்காற்று 305 கெல்வின், இண்டர்கூலரைத் தாண்டிய காற்று 315 கெல்வின். அடர்த்தி மடங்கு என்ன? (விடை: ஏறக்குறைய 1.36)

2. புரோட்டோன் டர்போ இயந்திரத்தின் அமுக்க விகிதம் ஏன் குறைக்கப்பட்டது? இரண்டு வாக்கியங்களில் எழுதுக.

3. உம் நண்பர் தம் பழைய காருக்கு டர்போ பொருத்த விரும்புகிறார். அவர் கவனிக்க வேண்டியவற்றை வரிசைப்படுத்தி விளக்கக் கட்டுரை ஒன்று எழுதுக.

ஆசிரியர்களுக்கு ஒரு குறிப்பு: மூன்றாவது கேள்வியைக் கார் ஆர்வமுள்ள மாணவரிடம் முதலில் கொடுங்கள். வாயால் சொல்லச் சொல்லி, அதை அவரே எழுத்தாக்கட்டும். 'முதலில்', 'அதன் பிறகு', 'ஏனென்றால்', 'இல்லாவிட்டால்' ஆகிய இணைப்புச் சொற்கள் தாமாக வரும். விளக்கக் கட்டுரையின் எலும்புக்கூடு அவைதான். பட்டறை வேலையைப் படிப்பாகத் தொடர விரும்புகிறவரிடம் மலேசியத் திறன் சான்றிதழ் பற்றியும் சொல்லிவையுங்கள்.