ஏற்றுவதைவிடக் காப்பது மேல்

குளியலறையில் வழுக்கி விழுந்த மூதாட்டியைத் தாராபுரத்திலிருந்தோ கோபியிலிருந்தோ கோவைக்குக் கொண்டுவருகிறார்கள். எக்ஸ்ரேயில் இடுப்பெலும்பு முறிவு என்று தெரிந்ததும் குடும்பத்தார் ரத்தத்துக்கு ஆள் தேடத் தொடங்குகிறார்கள். "ரெண்டு யூனிட்டுக்கு ஆள் ரெடி பண்ணிக்கோங்க" என்று காதில் விழுந்ததும் வாட்ஸ்அப் குழுக்களில் தகவல் பறக்கிறது. அக்கறை நியாயமானதுதான். ஆனால் வெளியிலிருந்து ஏற்றும் ரத்தத்துக்கு முன்னால், உள்ளே இருப்பது வீணாகாமல் காப்பதைப் பற்றித்தான் கேட்க வேண்டும். 2010 முதல் வந்த பெரிய ஆய்வுகள் இந்த வரிசையைத்தான் ஆதரிக்கின்றன.

45 கிலோ எடையுள்ள மூதாட்டியின் உடம்பில் மொத்த ரத்தமே சுமார் 3 லிட்டர்தான். இடுப்பெலும்பு முறிவில், ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் சேர்த்து ஒரு லிட்டருக்கு மேல் இழப்பவர்களும் உண்டு. தொடையெலும்பின் கழுத்துப் பகுதி முறிந்தால், மூட்டைச் சுற்றியுள்ள உறை கசிவை ஓரளவு அடக்கிவிடும். அதற்குக் கீழே முறிந்தால் தடுக்க உறை இல்லை. தசைகளுக்கு நடுவே ரத்தம் தேங்கிக்கொண்டே போகும். ஆபரேஷன் தியேட்டரில் உறிஞ்சு குழாயின் பாட்டிலையும் நனைந்த பஞ்சையும் பார்த்து இழப்பைக் கணக்கிடலாம். தொடைக்குள் தேங்கியதை அப்படி அளக்க முடியாது. வந்த அன்று 11 காட்டிய ஹீமோகுளோபின் இரண்டாம் நாள் 8-க்கு இறங்கி வீட்டாரைத் திகைக்க வைப்பது இதனால்தான். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தசோகை. அந்தக் குறையோடே முதுமைக்கு வருபவருக்குக் கையிருப்பு ஏது?

இழப்பைக் குறைக்கும் எளிய ஆயுதம் டிரானெக்சாமிக் அமிலம். ஜப்பானைச் சேர்ந்த உட்டாகோ ஒகமோட்டோவும் அவர் கணவர் ஷோசுகேயும் 1962-இல் அறிவித்த மருந்து இது. மாதவிடாயில் அதிகமாக ரத்தம் போகும் பெண்கள் மாத்திரையாகச் சாப்பிடுவதும் இதைத்தான். காயத்தில் உறைந்த ரத்தத்தை உடம்பே சிறிது சிறிதாகக் கரைக்கும். அந்தக் கரைப்பை இது தாமதப்படுத்துகிறது. 2010-இல் வெளியான கிராஷ்-2 ஆய்வு, 40 நாடுகளில் விபத்தில் சிக்கிய 20,000-க்கும் அதிகமானவர்களிடம் இதைச் சோதித்தது. முதல் 3 மணி நேரத்துக்குள் கொடுத்தால் ரத்தப்போக்கால் வரும் மரணம் குறைந்தது. அதைத் தாண்டினால் அந்தப் பலன் கிடைக்கவில்லை. இடுப்பெலும்பு ஆபரேஷனில் கத்தி வைப்பதற்குச் சற்று முன் நரம்பு வழியாகச் செலுத்தினால், ரத்தம் ஏற்றும் தேவை குறைவதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. விலையும் மலிவு.

உறைவைக் காக்கும் மருந்து, மாரடைப்பையோ பக்கவாதத்தையோ வரவழைக்காதா? நியாயமான அச்சம். 2022-இல் வெளியான பாய்ஸ்-3 ஆய்வு 9,535 பேரிடம் இதைப் பார்த்தது. மருந்து பெற்றவர்களில் 9.1 சதவீதம் பேருக்கும் பெறாதவர்களில் 11.7 சதவீதம் பேருக்கும் கடும் ரத்தப்போக்கு ஏற்பட்டது. இதய, ரத்தக்குழாய்ச் சிக்கல்களோ 14.2-க்கு 13.9 என ஏறக்குறைய சமம். ஆபத்து அறவே இல்லை என்று அந்த ஆய்வு நிறுவிவிடவில்லை. அண்மையில் ரத்தக்கட்டு வந்தவர், சிறுநீரகம் பழுதானவர், வலிப்பு உள்ளவர் விஷயத்தில் மருத்துவர் தனியாக யோசிக்க வேண்டும். மற்றவர்களுக்கு லாபமே மிகுதி. "எதற்கு வம்பு, இரண்டு பாட்டில் ஏற்றினால் தெம்பு வருமே" என்பார்கள். 2011-இல் வெளியான ஃபோகஸ் ஆய்வு, இதய நோயோ அதற்கான காரணிகளோ உள்ள 2,016 பேரை எடுத்துக்கொண்டது. ஹீமோகுளோபின் 10-க்குக் கீழே போனதுமே சிலருக்கு ரத்தம் ஏற்றினார்கள்; மற்றவர்களுக்கு 8-க்குக் கீழே போனாலோ அறிகுறி தெரிந்தாலோ மட்டும் ஏற்றினார்கள். 60 நாள் கழித்துப் பார்த்தால் மரணத்திலும் நடக்கும் திறனிலும் வித்தியாசமில்லை.

1978-இல் தொடங்கிய கங்கா மருத்துவமனை உள்பட எலும்பு சிகிச்சைக்குப் பேர்போன இடங்கள் கோவையில் இருக்கின்றன. ஆனால் கசிவு வீட்டிலேயே தொடங்கிவிடுகிறது. "புத்தூர் கட்டுப் போட்டா செரியாப் போயிரும்ங்க" என்று அலைவதும், "உடம்பு தேறட்டும்" என்று படுக்க வைப்பதும் கசிவை நீட்டிப்பதோடு நுரையீரல் சளி, படுக்கைப்புண், ரத்தக்கட்டு எல்லாவற்றையும் கூட்டிவருகின்றன. 2020-இன் ஹிப் அட்டாக் ஆய்வில் 6 மணி நேரத்தில் ஆபரேஷன் செய்ததும் 24 மணி நேரத்தில் செய்ததும் மரணக் கணக்கில் வேறுபடவில்லை. ஆனால் விரைந்து செய்துகொண்டவர்களுக்கு மனக்குழப்பம் குறைவு, எழுந்து நின்றதும் சீக்கிரம். அவசரப்பட்டுப் பயனில்லை என்று இதைப் படிப்பது பிழை. ஒப்பிட்ட இரண்டாம் அணியே ஒரு நாளில் முடித்தது. நம்மூரில் ஒரு வாரம் தள்ளுகிறோம். ஆஸ்பிரின் சாப்பிடுபவர் என்பதற்காகவும் பொதுவாகக் காத்திருக்கத் தேவையில்லை. வார்ஃபரின் போன்றவற்றுக்கு மட்டும் முறிமருந்தோ சிறு இடைவெளியோ வேண்டும்.

ரத்தம் ஏற்றியே தீர வேண்டிய நோயாளிகள் எப்போதும் இருப்பார்கள். கொடையாளர் பட்டியலைக் கிழித்துப்போட வேண்டியதில்லை. அத்துடன், சாப்பிடும் மாத்திரை அட்டைகள் அத்தனையையும் கையோடு எடுத்துவந்து, இதயத்தில் ஸ்டென்ட் இருந்தால் சொல்லிவிட்டு, மூன்று விஷயம் கேளுங்கள்: நாளைக்குள் ஆபரேஷன் நடக்குமா, டிரானெக்சாமிக் ஊசி இவருக்குப் பொருந்துமா, ஹீமோகுளோபின் எத்தனைக்கு இறங்கினால் ரத்தம் ஏற்றுவீர்கள்?