அப்பா கோயில் வாசலில் பிள்ளை கோயில்

ஒட்டுக்கட்டு – 14

போன வாரம் தறிக்குழியில் நிறுத்தியிருந்தேன். மண்ணில் தோண்டிய குழி மாடி ஏறாது, அதனால்தான் காஞ்சிபுரத்தில் தறி கீழேயே இருக்க, மகனும் மருமகளும் மேலே போகிறார்கள் என்று சொன்னதாக ஞாபகம். மற்றதைப் பழைய இதழில் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த வாரம் மாடிப் போர்ஷனுக்குத் தனி மீட்டர் வாங்குகிற கதையைச் சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தேன். அதற்கான காகிதமெல்லாம் மேசை மேல்தான் கிடக்கிறது. ஆனால் சனிக்கிழமை கைலாசநாதர் கோயிலுக்குப் போய்விட்டேன்.

போனது சாமி கும்பிட அல்ல. பிள்ளையார்பாளையத்தில் ஒரு வீட்டைப் பார்க்க. முன்னால் திண்ணை, உள்ளே நீளமாகத் தறிக்கூடம், அதற்குப் பின்னால் சமையல்கட்டு, கொல்லையில் கிணறு. கூடத்தில் இரண்டு தறி. ஒன்றில் அந்த வீட்டம்மா நெய்கிறார். மற்றது அவர் கணவருடையது. அவர் இறந்து நாலு வருஷமாகிறது. தறி மேல் பழைய போர்வை போர்த்தியிருந்தது. மகன் ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. தையில் கல்யாணம். மாடியில் ஒரு ரூம், ஒரு சமையல் மேடை, ஒரு பாத்ரூம், வெளியிலிருந்து ஏறுகிற மாதிரி ஒரு படி. அவ்வளவுதான் அம்மாவின் திட்டம். கலிஃபோர்னியாவில் இதற்கென்றே 2017 முதல் சட்டத்தை இளக்கி, வீட்டோடு ஒட்டி இன்னொரு குடியிருப்பு கட்டிக்கொள்ளச் சொல்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் இதைப் பாட்டி வீடு என்பார்கள். நம்மிடம் பாட்டி கீழேயே இருப்பார். மேலே போவது சின்னஞ்சிறுசுகள்.

மகன் ஃபோனை எடுத்துக் காட்டினார். 2024 ஜூலையில் தமிழக அரசு கொண்டுவந்த சுயசான்றுத் திட்டம். 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் கட்டடம், தரைத்தளமும் ஒரு மாடியும் என்றால் ஆன்லைனிலேயே விண்ணப்பித்து உடனே அனுமதி வாங்கிக்கொள்ளலாம். இவர்கள் மனை அதில் பாதிகூட வராது. சந்தோஷமாகப் படம் போடுகிறவரைக் கூட்டி வந்திருக்கிறார்கள். அவர் மொட்டைமாடியில் டேப்பை வைத்துக்கொண்டு நின்றவர், மேற்கே திரும்பிப் பார்த்திருக்கிறார். அளக்கவில்லை. “கோயில் எவ்ளோ தூரம்மா?” என்று மட்டும் கேட்டிருக்கிறார்.

அதோடு மாடி முடிந்தது.

கைலாசநாதர் கோயில் மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பது. 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தை 2010-இல் திருத்தியபோது, அப்படிப்பட்ட சின்னங்களின் எல்லையிலிருந்து எல்லாத் திசையிலும் 100 மீட்டரைத் தடைசெய்யப்பட்ட பகுதி ஆக்கினார்கள். அதற்கப்பால் இன்னொரு 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி. அங்கே முன் அனுமதியோடு கட்டலாம். முதல் நூறுக்குள் புதுக் கட்டுமானமே கூடாது. 1992 ஜூன் 16-க்கு முன்னால் கட்டிய வீடாக இருந்தால் பழுதுபார்க்கலாம், அதற்கும் அனுமதி வாங்க வேண்டும். மீறினால் இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

இதெல்லாம் எனக்கு ஓரளவு தெரியும். தெரியாதது, அந்தச் சட்டம் ‘கட்டுமானம்’ என்ற சொல்லுக்குக் கொடுக்கும் விளக்கம். வெள்ளிக்கிழமை ராத்திரி அதைப் படித்தபோது எழுந்து ஒரு நடை நடந்துவிட்டு வந்தேன். புதிதாக எழுப்புவது மட்டும் கட்டுமானம் அல்லவாம். இருக்கிற கட்டடத்தை மேல்வாக்கிலோ பக்கவாட்டிலோ கூட்டுவதும் நீட்டுவதும் கட்டுமானம்தானாம். வீட்டோடு ஒட்டிக் கட்டுவதைப் பற்றிப் பதினான்கு வாரமாக நான் என்ன எழுதிக்கொண்டிருக்கிறேனோ, அது ஒரு சட்டத்தின் அரை வாக்கியத்தில் உட்கார்ந்திருக்கிறது. மேல்வாக்கில் என்றால் மாடி. பக்கவாட்டில் என்றால் கொல்லை. இரண்டுக்கும் ஒரே பூட்டு.

“நூறு மீட்டர்னா எவ்ளோ தம்பி?” என்று அந்த அம்மா கேட்டார். எனக்கு அடிக்கணக்குதான் வந்தது, 328 அடி என்றேன். அவர் அதை வாங்கிக்கொள்ளவில்லை. விரலை மடக்கினார். “ரவிக்கையோட ஒரு பொடவை ஆறேகால் மீட்டரு. பதினாறு பொடவை. ஒரு பாவுக்கு மூணு பொடவைன்னா அஞ்சு பாவுக்குக் கொஞ்சம் கூட.” பிறகு மேற்கே பார்த்தார். “அஞ்சு பாவுக்குள்ள என் வூடு மாட்டிக்கிச்சு.”

அங்கிருந்து நேராகக் கோயிலுக்கு நடந்தேன். கோபம் என்று சொல்ல முடியாது. இவ்வளவு காபந்து பண்ணும் கட்டடத்தில் ஒட்டு ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கும் கெட்ட எண்ணம்தான்.

இருக்கிறது. வாசலிலேயே இருக்கிறது.

ராஜசிம்மன் என்ற இரண்டாம் நரசிம்மவர்மன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பிய கோயில் இது. அடியில் கருங்கல், மேலே மணற்கல், சுற்றி வரச் சிறு சிறு சந்நிதிகள். அவன் வைத்த பெயர் ராஜசிம்மேச்சரம். உள்ளே போகலாம் என்று நேராக நடந்தால் எதிரே இன்னொரு கோயில் வழிமறிக்கிறது. வண்டிக்கூண்டு மாதிரி நீள்சிகரம், குட்டைக் கோபுரம் போன்ற தோற்றம். பலர் அதைக் கோபுரம் என்றே நினைத்துக்கொண்டு பக்கவழியில் நுழைந்து போய்விடுகிறார்கள். நானும் மூன்று முறை அப்படித்தான் போயிருக்கிறேன். அது கோபுரம் இல்லை. மகேந்திரவர்மேச்சரம். ராஜசிம்மனின் மகன் மூன்றாம் மகேந்திரவர்மன், அப்பா கட்டிய கோயிலின் முன்வாசலிலேயே கட்டிய தனிக் கோயில். தனி லிங்கம், தனிக் கருவறை, தனிப் பெயர். கைலாசநாதரைப் பார்க்க வருகிறவன் முதலில் பிள்ளை வீட்டைச் சுற்றிக்கொண்டுதான் அப்பா வீட்டுக்குப் போக வேண்டும். போர்ஷன் என்றால் இதுதான் போர்ஷன்.

பிள்ளையோடும் நிற்கவில்லை. கோயிலுக்கு வெளியே முன்புறம் வரிசையாகச் சின்னச் சின்னக் கோயில்கள் நிற்கின்றன பாருங்கள், அதில் ஒன்றைக் கட்டியவள் ரங்கபதாகை, ராஜசிம்மனின் ராணி. கல்வெட்டு இருக்கிறது. ஆக, வீட்டுக்காரர் ஒரு பெரிய வீடு, பிள்ளை வாசலை அடைத்து ஒரு போர்ஷன், வீட்டம்மா தெருப்பக்கம் ஒரு அறை. இதில் வருத்தமான செய்தி ஒன்று. மகேந்திரன் முடிசூடி ஆண்டதாகச் சான்று இல்லை. ராஜசிம்மனுக்குப் பிறகு அரியணைக்கு வந்தது இரண்டாம் பரமேசுவரவர்மன். அப்பா வீட்டு வாசலில் இடம் பிடித்தவனுக்கு அப்பாவின் நாற்காலி கிடைக்கவில்லை.

இவ்வளவோடு நான் திரும்பியிருக்க வேண்டும். அச்சுக்குப் போக அதிக நாள் இல்லை. ஆனால் ஒட்டைத் தேடுகிறவனுக்கு உள்ளே இன்னொன்று கிடைத்தது. விமானத்துக்கு முன்னால் தூண்கள் வைத்த மண்டபம் இருக்கிறதல்லவா, அது பல்லவர் காலத்தில் விமானத்தோடு ஒட்டியே இல்லை. இரண்டும் தனித்தனியாக, இடையில் வெட்டவெளியோடு நின்றிருக்கின்றன. பின்னால் வந்தவர்கள் அந்த இடைவெளியைக் கட்டி அடைத்து, நடுவில் ஒரு மண்டபமாக்கி, இரண்டையும் ஒரே கட்டடம் ஆக்கிவிட்டார்கள். நம் ஊரில் வீட்டுக்கும் கொல்லைச் சமையல்கட்டுக்கும் நடுவே இருக்கும் சந்தின் மேல் ஷீட் போட்டு ஹாலாக்குகிறோமே, அதே வேலை. இருட்டில் தூணைத் தடவிக்கொண்டு, எங்கே முடிந்து எங்கே ஆரம்பிக்கிறது என்று விரலால் தேடினேன். காவலாளி ஒரு மாதிரி பார்த்தார். எதையாவது சுரண்டுகிறேன் என்று நினைத்திருப்பார்.

இன்றைக்கு மூன்றாம் மகேந்திரன் விண்ணப்பம் போட்டால் கிடைக்காது என்று சொல்லிச் சிரிக்கலாம். சிரித்தேன். ஆனால் அந்தச் சட்டத்தைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. ஊர் நடுவே வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குப் போய்ப் பாருங்கள். நந்திவர்ம பல்லவமல்லன் கட்டியது. ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று கருவறை. கீழே பெருமாள் அமர்ந்திருக்கிறார், அதற்கு மேல் பள்ளிகொண்டிருக்கிறார், உச்சியில் நிற்கிறார். சுற்றிலும் வீடும் கடையுமாக நெருக்குகிறது. அவருக்கு மூன்று மாடி, பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு மாடிக்கு வழியில்லை என்று கணக்குப் பார்த்தால் அநியாயம்தான். ஆளாளுக்கு ஒரு மாடி ஏற்றியிருந்தால் அந்த மூன்று மாடி கண்ணுக்கே தெரிந்திருக்காது என்பதும் உண்மைதான். என்னுடைய வருத்தம் வேறு. முந்நூறு மீட்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவன் ஃபோனில் அனுமதி வாங்குகிறான். நூறு மீட்டருக்கு இந்தப் பக்கம் இருப்பவள் பிள்ளைக்கு வாடகை வீடு தேடுகிறாள். கோயிலைக் காக்கும் செலவை அந்த ஒரு தெரு மட்டும் கொடுக்கிறது.

மறுபடி வீட்டுக்கு வந்தபோது ஒரு மேஸ்திரி உட்கார்ந்திருந்தார். மாடி இல்லையென்று தெரிந்தும் கொல்லைப்பக்கம் சுவரை நீட்டினால் என்ன என்று அந்த அம்மாவுக்கு ஒரு நப்பாசை. அதுவும் பக்கவாட்டு, அதுவும் கூடாது என்றேன். கூடாது என்றாலும் பேச்சு எப்படியோ ஒட்டு வேலைக்குப் போய்விட்டது, நான் இருந்தால் அப்படித்தான் ஆகும்.

“பழசும் புதுசும் ஒண்ணா உக்காராது சார்” என்றார் மேஸ்திரி. “பழைய சொவுரு அறுவது வருசமா உக்காந்து முடிச்சிடுச்சு. புதுசு இப்பதான் உக்கார ஆரம்பிக்கும். ரெண்டையும் கட்டிப் போட்டா, உக்கார்றப்ப இழுக்கும். விரிசல் விடும். ஒரு அங்குலம் சந்து விட்டுட்டா அது பாட்டுக்கு அது உக்காரும்.” செங்கல்லைப் பல்பல்லாக நீட்டிப் பழைய சுவரில் கோத்துக் கட்டினால் என்ன என்று கேட்டேன். புதுச் சுவர் இரண்டும் ஒரே நாளில் எழும்பினால் சரி, இங்கே அந்தப் பல்தான் முதலில் உடையும் என்றார்.

அந்த அம்மாவுக்கு அது பிடிக்கவே இல்லை. “சந்து வுட்டா அது இன்னா ஒட்டு?” என்றார். எழுந்து தறிக்குப் போனார். அரக்கு உடல், பச்சைக் கரை. உடலுக்கு ஒரு நாடா, கரைக்குக் கரை ஒரு நாடா, ஆக மூன்று. பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளிக் கொடுக்க இன்னொரு ஆள் வேண்டும். இப்போது அண்டை வீட்டுப் பெண் வருகிறாள். ஒவ்வொரு ஊடிலும் கரை இழையும் உடல் இழையும் ஒன்றையொன்று கொக்கி போட்டுக்கொள்ள வேண்டும். அதுதான் கோர்வை. ஒன்று தவறினாலும் அங்கே கண் விட்டுவிடும். முந்தானைக்கு வேறு நிறம் என்றால் வேலை இன்னும் கடினம். அங்கே மாற வேண்டியது பாவு. பழைய பாவிழைகளோடு புது நிறத்துப் பாவிழைகளை ஒவ்வொன்றாகக் கையாலேயே சேர்க்க வேண்டும், ஆயிரக்கணக்கில். பிட்னி என்பார்கள். நெய்து முடித்த ஒரு சேலையைப் பிரித்து, என் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தார். உடல் முடிந்து முந்தானை தொடங்கும் வரியில் மெல்லிய ஒரு தடிப்பு. “சேலை கிழிஞ்சாலும் கரை பிரியாதுன்னு சொல்லித்தான் கடையில விக்கிறான். நீங்க ஒரு அங்குலம் சந்து வுடறேன்றீங்க.”

மேஸ்திரி சேலையைத் தொடவில்லை, கை சுண்ணாம்பாக இருந்தது. “துணி மடங்கும்மா. சொவுரு மடங்காதே” என்றார். இரண்டு பேரும் சரி. அதற்கு மேல் நான் பேசவில்லை.

மீட்டர் விஷயத்தை இரண்டு வரியில் தொட்டுவிடுகிறேன், ஆசிரியர் கோபித்துக்கொள்வார். 2023-இல் வீட்டு இணைப்பு ஒவ்வொன்றுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம்; கைத்தறி நெசவாளருக்கு 200 யூனிட் இலவசமாக இருந்தது அந்த வருஷம் 300 ஆயிற்று. போர்ஷனுக்குத் தனி இணைப்பு ஏன் இவ்வளவு பேர் கேட்கிறார்கள் என்பதற்கு விடை 100, 300 என்ற இந்த இரண்டு எண்களுக்கு நடுவே இருக்கிறது. மீதி அடுத்த வாரம், சத்தியமாக. சின்ன காஞ்சிபுரத்தில் என் நண்பரின் அத்தை, 2019-இல் அத்திவரதர் எழுந்தருளியபோது வருகிற சொந்தக்காரர்களுக்காகவே கொல்லையில் கட்டிய பாத்ரூமையும் அங்கேயே சொல்கிறேன். ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை அதற்கு வாசலில் வரிசை நின்றதாம். அத்திவரதர் அடுத்து எழுந்தருள்வது 2059-இல்தான்.

நேற்று மகன் ஃபோன் செய்தார். போய்ப் பார்த்தேன். தறிக்குழி மாடி ஏறாது என்று போன வாரம் எழுதினேனே, குழியை மூடலாம் என்பதை நான் யோசிக்கவேயில்லை. அப்பாவின் தறியைப் பிரித்துச் சட்டங்களைச் சுவரோரம் சாத்தியிருக்கிறார்கள். குழியில் மணலைக் கொட்டி மேலே சிமெண்ட் பூசி, கூடத்தின் குறுக்கே பிளைவுட் தடுப்பு. “தடுப்பு கட்டடம் இல்ல” என்று படம் போடுகிறவரே சொல்லிவிட்டாராம். உள்ளே புதுக் கட்டில், பிளாஸ்டிக் உறை பிரிக்காத மெத்தை. தடுப்புக்கு இந்தப் பக்கம் அம்மாவின் தறி ஓடுகிற சத்தம் அந்தப் பக்கம் அப்படியே கேட்கிறது.

மணல் இன்னும் உட்கார்ந்து முடியவில்லை. சிமெண்ட் தரையில் குழியின் நாலு ஓரமும் நீள்சதுரமாகக் கோடு விட்டு, அரை விரற்கடை இறங்கியிருந்தது. கட்டிலின் ஒரு கால் அந்தப் பள்ளத்தில் நின்றதால் ஆடியது. அம்மா வந்து பார்த்தார். மூலையில் கட்டி வைத்திருந்த பழைய ஜக்கார்டு அட்டைகளிலிருந்து இரண்டை உருவி, நாலாக மடித்து, காலுக்கு அடியில் செருகினார். கட்டிலை ஒரு முறை அசைத்துப் பார்த்துவிட்டுத் தறிக்குப் போனார்.

(தொடரும்)